பெயர் எழுதாத சீட்டு

பல் செட் செய்கிறவருக்கு ஆட்களின் முகம் நினைவில் நிற்காது, கடி நிற்கும். தெருவில் யாராவது சிரித்தபடி வந்து கையைப் பிடித்துக்கொண்டால் திருதிருவென்று விழிப்பார். வந்தவர் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசியதும், ஓ, கீழ்த்தாடை, இடது பக்கம், இரண்டு கடைவாய்ப் பல் என்று பிடித்துவிடுவார். பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை அவருடையது. ஒரு மேசை, ஒரு ஸ்பிரிட் விளக்கு, மெழுகுக் கட்டிகள், சுவர் முழுக்கப் பலகைத் தட்டுகளில் பிளாஸ்டர் அச்சுகள். ஒவ்வோர் அச்சின் அடியிலும் பென்சிலால் சொந்தக்காரரின் பெயர். இருபத்தாறு வருஷமாக அந்த அறையில்தான் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் செய்த பல்லால் சிரிக்கிறவர்கள் ஆயிரம் பேராவது இருப்பார்கள். அதில் பெரும்பாலோர் அவரைப் பார்த்ததில்லை. நன்றியெல்லாம் முன்னறையிலேயே டாக்டருக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

அப்பா மூட்டை தூக்கியவர். அம்மா ஆஸ்பத்திரியில் தரை துடைத்தவர். இருவரும் அடுத்தடுத்த வருஷத்தில் போய்ச் சேர்ந்தபோது இவருக்குப் பத்தொன்பது வயது, தங்கைக்கு ஐந்து. தான் படிக்க நினைத்ததை மூட்டை கட்டிவிட்டு, பல் வேலை கற்றுக்கொண்டு, அவளைப் படிக்க வைத்தார். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணப் பேச்சை இவரும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. இரண்டு அறை வீட்டில் அண்ணனும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்து, அவள் விடைத்தாள் திருத்த, இவர் சினிமா பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார். "கேக்கறியா?" என்பார். "காதைத் திருத்திட்டா இருக்கேன்? சொல்லு" என்பாள்.

சினிமா அவருக்கு வந்தது தற்செயல். இருபத்துநாலு வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒரு கிழவருக்குப் பல் செட் கொடுக்கப் போனார். அந்தக் கிழவர் திரைப்படச் சங்கத் தலைவர். படம் ஓடிக்கொண்டிருந்ததால் இருட்டில் காத்திருக்கச் சொன்னார்கள். திரையில் ஒரு சவ ஊர்வலம். கேமரா பெட்டிக்குள்ளே இருக்கிறது. பலகை இடுக்கு வழியாக வானமும் மரக்கிளையும் தூக்குகிறவர்களின் காதும் மட்டும் தெரிகின்றன. நாற்பது நிமிஷம் அதுதான் படம். இவருக்கு ஒன்றும் புரியவில்லை. விளக்குப் போட்டதும் ஒரு பெரிய மனிதர் எழுந்து, "எனக்கு ஒண்ணும் புரியல, அதனாலதான் இன்னொரு தடவை பார்க்கணும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. புரியாததை அவமானமாக நினைக்காத ஓர் அறையைப் பல்லுக்காரர் வாழ்க்கையில் முதன்முதலாக அன்றுதான் பார்த்தார். அடுத்த ஞாயிறு தானாகப் போனார். ஐந்து வருஷத்தில் சங்கத்தின் செயலாளர் ஆனார். தங்கை வளர்ந்ததும் அவளும் கூடவே வரத் தொடங்கினாள்.

சங்கம் கூடியது முடி திருத்துவோர் சங்கக் கட்டடத்தின் மாடியில். முன்வரிசையில் ஆறு பழைய சலூன் நாற்காலிகள், சாய்வும் சுழற்சியும் கெடாதவை. அவற்றுக்காகப் பேராசிரியர்கள்கூட முண்டியடிப்பார்கள். புரொஜக்டரை ஓட்டியவர், மூடிப்போன ஒரு தியேட்டரில் முப்பது வருஷம் வேலை பார்த்த ஆபரேட்டர். இரண்டு கண்ணிலும் புரை. படம் தெளிவாக இருக்கிறதா என்று அவருக்குத் தெரியாது. ஆட்கள் கத்தாமல் இருந்தால் தெளிவாக இருக்கிறது என்று அர்த்தம். மனைவி இல்லை, ஒரே மகன். சங்கத்துக்குப் போஸ்டர் வரைந்தவன் அவன்தான். நெஞ்சு வரைக்கும் வளர்ந்த தாடி. முடி திருத்துவோர் கட்டடத்துக்கே அவமானம் என்று எல்லோரும் கேலி செய்து, பெயரே தாடி என்றாகிவிட்டது. ஆபரேட்டர் பல்லுக்காரரைத் தம்பி என்று கூப்பிட்டதால், தாடிக்கு அவர் சித்தப்பா.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. படம் முடிந்ததும் ஆளுக்கொரு சீட்டில் தோன்றியதை எழுதி பிஸ்கட் டப்பாவில் போட்டால்தான் டீ கிடைக்கும். பெயர் எழுதக் கூடாது. அடுத்த கூட்டத்தில் செயலாளர் சீட்டுகளை உரக்கப் படிப்பார். எது யாருடையது என்று எல்லோரும் ஊகிப்பார்கள். விளையாட்டுதான். ஆனால் பல்லுக்காரர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுத்தை மாற்றி எழுதினாலும், இடது கையால் எழுதினாலும் பிடித்துவிடுவார். ஒருவர் படத்தில் எதைப் பார்க்கிறார், எதைப் பார்க்காமல் விடுகிறார் என்பது கடி மாதிரி, மறைக்க முடியாது என்பார். வீட்டுக்குக் கொண்டுபோய், அச்சுகளுக்கு எழுதுவது போலவே, ஒவ்வொரு சீட்டின் பின்னாலும் பென்சிலால் பெயர் எழுதி, வரிசை எண் போட்டு அடுக்குவார். பதினொரு டப்பா. ஒருமுறைகூடத் தவறியதில்லை. படித்தவர்கள் நிறைந்த அந்த மாடியில் அவருக்கு இருந்த ஒரே மரியாதை அது. அதை அவர் பொத்திப் பொத்தி வளர்த்தார்.

போர் வந்தது. முதலில் தூரத்துச் சத்தம்; பிறகு ரொட்டிக்கு வரிசை; பிறகு மன உறுதிச் சட்டம். பேச்சாலோ எழுத்தாலோ மக்களின் மன உறுதியைக் குலைக்கிறவர்களுக்கு அந்தச் சட்டம். தங்கையின் பள்ளியில் தலைமைக் குமாஸ்தா ரொட்டி வரிசையில் நின்றுகொண்டு, "வெற்றி மேல வெற்றி வருதாம், ரொட்டிதான் வழி தெரியாம நிக்குது" என்றார். முன்னாலும் பின்னாலும் நின்றவர்கள் சிரித்தார்கள். சாயங்காலம் அவரைக் கூட்டிப்போனார்கள். ஆறு வாரம் கழித்து அவர் மனைவிக்கு ஓர் உறை வந்தது. உள்ளே அவருடைய மூக்குக்கண்ணாடி மட்டும் இருந்தது, துடைத்துச் சுத்தமாக.

சங்கத்தின் படங்களில் பாதிக்கு மேல் எல்லைக்கு அந்தப் பக்கத்து நாட்டில் எடுத்தவை. நேற்றுவரை அது பக்கத்து நாடு, இன்று எதிரி நாடு. படம் காட்டுவதை நிறுத்தலாமா என்று பேச்சு வந்தது. கலையைக் கட்டிப்போட முடியாது என்று பல்லுக்காரர் ஒரு சொற்பொழிவே ஆற்றினார். நிறுத்தவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கிணற்றுப் படத்தைப் போட்டார்கள். மூன்று சிப்பாய்கள். ஊர்க்காரர்களைக் கிணற்றில் தள்ளிவிட்டு, மேலே நின்று காவல் காக்கிறார்கள். கிணற்றுக்குள்ளே என்ன என்பதைப் படம் காட்டவே இல்லை. சிப்பாய்கள் சீட்டு விளையாடுகிறார்கள், ஒருவன் செருப்பைத் தைக்கிறான். கீழேயிருந்து வரும் சத்தம் மட்டும் ஒன்றரை மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. கடைசியில் ஒரே ஒரு குரல். அதுவும் நின்றதும் சிப்பாய்க்குத் தூக்கம் வருகிறது. எதிரி நாட்டுக்காரன் தன் சொந்தப் படையைப் பற்றிப் போருக்கு முன்பே எடுத்த படம். பார்த்துவிட்டு யாருக்கும் டீ இறங்கவில்லை. அன்று தாடிக்குப் படையில் சேரும் நாள். தாடியை மழித்து, புதுச் சட்டை போட்டு வந்திருந்தான். எல்லோரும் அடையாளம் தெரியாதது போல நடித்தார்கள். லாரிக்கு நேரமாகிவிட்டது என்று சீட்டு எழுதாமலே கிளம்பினான். "ஒரு டீ கடன் சித்தப்பா" என்று படியில் இறங்கினான்.

வீட்டில் சீட்டுகளைப் பிரித்தபோது பல்லுக்காரர் ஒன்றில் நின்றுவிட்டார்.

"கிணத்துக்குள்ள இருக்கறவங்களும் நம்ம ஆளுங்கதான். கிணத்து மேல நிக்கறவங்களும் நம்ம ஆளுங்கதான். படம் எடுத்தவங்க மட்டும்தான் வேற ஆளுங்க."

கீழே இரண்டு கோடு, விடைக்குக் கீழே போடுவது போல. எதிரே தங்கை தலைகுனிந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அவர் அவளைக் கேட்கவில்லை. அந்த ஒரு சீட்டின் பின்னால் மட்டும் பெயர் எழுதாமல், வரிசை எண்ணை மட்டும் போட்டு டப்பாவில் வைத்தார்; அடுத்த கூட்டத்தில் அதை உரக்கப் படிக்கவும் இல்லை. கிழித்துப் போட்டிருக்கலாம். ஏன் போடவில்லை? வரிசையில் ஓர் எண் குறையும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். உண்மை அதுவல்ல. பதினொரு டப்பாவிலும் அதைவிட நல்ல சீட்டு இல்லை.

இரண்டு மாதம் கழித்துப் பன்றிப் படம். அது சங்கத்தின் செல்லப் படம், வருஷத்துக்கு ஒருமுறை கட்டாயம். ஒரு நகரத் தலைவர் நாளுக்கு நாள் பன்றியாக மாறுகிறார். யாரும் அதைக் கவனிக்காதது போல் நடந்துகொள்கிறார்கள். கடைசியில் மொத்த நகரமும் நாலு காலில் நின்று அவருக்குக் கைதட்ட முயற்சி செய்கிறது. பத்துப் பன்னிரண்டு தடவை பார்த்தவர்கள், மொழி தெரியாவிட்டாலும் வசனம் அத்தனையும் மனப்பாடம். தலைவரின் பொதுக்கூட்டப் பேச்சு வந்ததும் எல்லோரும் எழுந்து திரையோடு சேர்ந்து கத்துவார்கள். அன்றும் கத்தினார்கள். புழுக்கத்துக்காக, கறுப்புத் திரைகளுக்குப் பின்னால் ஜன்னல்கள் திறந்திருந்தன. போர் நடக்கிற ஊரில், ஞாயிற்றுக்கிழமை மதியம், இருபது பேர் ஒரே குரலில் எதிரி மொழியில் முழங்குவது தெருக்கோடி வரை கேட்டது. அது எதிரி மொழி என்பதே அவர்களுக்குத் தோன்றவில்லை. அது அவர்களுக்குப் பன்றி மொழி.

அடுத்த கூட்டத்துக்குத் தகவல் துறை அதிகாரி வந்தார்.

மெலிந்த விரல்கள், தாழ்ந்த குரல். புகார் வந்திருக்கிறது, அந்தப் படத்தைத் தனக்கு ஒருமுறை போட்டுக் காட்ட முடியுமா என்று கேட்டார். போட்டார்கள். சலூன் நாற்காலியில் சாய்ந்து முழுதும் பார்த்தார். விளக்குப் போட்டார்கள். அவர் பல்லுக்காரர் பக்கம் திரும்பினார்.

"மூணாவது ரீல்ல டைரக்டருக்கே பன்னி மேல பாசம் வந்துடுது, கவனிச்சீங்களா சார்? அங்கதான் படம் வெறும் கேலியா போகாம தப்பிச்சுது."

பல்லுக்காரர் பத்தொன்பது வருஷமாக அதையேதான் சொல்லிவந்தார். யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. அவரைச் சார் என்று கூப்பிட்டவர்களும் அதுவரை யாருமில்லை. உச்சி குளிர்ந்துவிட்டது.

அதிகாரி வாராவாரம் வரத் தொடங்கினார். சங்கத்துக்கு அனுமதிக் கடிதம் வாங்கிக் கொடுத்தார். சீட்டு எழுதினார், முதல் வாரமே பல்லுக்காரர் அதைப் பிடித்தபோது குழந்தை போலச் சிரித்தார். கூட்டம் முடிந்தபின் இருவரும் தெருமுனை வரை நடப்பார்கள், பேச்சு முடியாமல் திரும்பி நடப்பார்கள். ஒரு காட்சியில் கேமரா ஏன் ஆளை விட்டுவிட்டு வாசற்படியைப் பார்க்கிறது என்று முக்கால் மணி நேரம் பேசப் பல்லுக்காரருக்கு வாழ்க்கையில் ஒரு துணை கிடைத்துவிட்டது. தங்கை ஒருநாள், "அவர் கண்ணு சிமிட்டறதே இல்ல. பார்த்தியா?" என்றாள். "படம் பார்க்கறவன் கண்ணு அப்படித்தான் இருக்கும்" என்றார் இவர்.

சீட்டுகளை எல்லாம் படிக்க ஆசையாக இருக்கிறது என்று அதிகாரி கேட்டபோது, பதினொரு டப்பாவையும் பல்லுக்காரரே தூசி தட்டி, கயிறு கட்டி, காரில் ஏற்றிவிட்டார். கிணற்றுப் படத்துச் சீட்டு நினைவில் இல்லாமலில்லை. முந்தின நாள் அதை எடுத்துக் கையில் வைத்திருந்தார். பிறகு திரும்ப உள்ளே வைத்தார். இந்த ஊரில் அதன் அருமை தெரிந்த ஒரே ஆள் அதைப் படிக்காமல் போவதாவது? பெயர்தான் இல்லையே என்று நினைத்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து அலுவலகத்துக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. நல்ல வெளிச்சமான அறை. மேசையில் டீ, பக்கத்தில் டப்பாக்கள். அதிகாரி எழுந்து நின்று வரவேற்றார். எல்லாவற்றையும் படித்துவிட்டதாகவும், இது சங்கத்தின் வரலாறு இல்லை, ஒரு ரசிகனின் சுயசரிதை என்றும் சொன்னார். பல்லுக்காரர் டீயை உறிஞ்சினார். பெருமையில் அதன் சூடுகூடத் தெரியவில்லை.

பிறகு அதிகாரி ஒரு சீட்டை எடுத்து மேசையில் வைத்து, திருப்பிப் போட்டார்.

"எல்லாத்துக்குப் பின்னாலயும் பேர் இருக்கு. இதுல மட்டும் இல்ல."

"யாருன்னு பிடிபடல."

"என்னைக் கேவலப்படுத்தாதீங்க சார். இடது கையால எழுதினவங்களையும் பிடிச்சவர் நீங்க." குரல் உயரவே இல்லை. "வருகைப் பதிவேடு பார்த்தேன். அன்னிக்கு வந்தவங்க பதினெட்டுப் பேர், சீட்டு பதினேழு. பதினாறுல பேர் இருக்கு. மிச்சம் ரெண்டு பேர். ஒருத்தர் எழுதல, இன்னொருத்தர் இதை எழுதியிருக்காங்க. ஒண்ணு ஆபரேட்டர் மகன். இன்னொண்ணு உங்க தங்கச்சி."

பல்லுக்காரர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். அதிகாரி விரல் நுனியால் அந்த இரண்டு கோட்டையும் தடவினார். கணக்கு டீச்சர்கள் இப்படித்தான் போடுவார்கள், இல்லையா என்று கேட்டார்.

மூக்குக்கண்ணாடி கண்முன் வந்து நின்றது. துடைத்துச் சுத்தமாக.  தாடி போர்முனைக்குப் போய் ஐந்து மாதம். சமையல் கூடாரத்தில் போட்டிருக்கிறார்கள், உருளைக்கிழங்கு உரிக்கிறேன் என்று எழுதியிருந்தான். ஏற்கெனவே படையில் இருக்கிறவனை இன்னும் என்ன செய்துவிடப் போகிறார்கள்? படைக்கா அனுப்புவார்கள்? அந்த நினைப்பு வந்ததும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"தாடி" என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

எப்படி என்று அவருக்கே தெரியாது. வாயைத் திறந்தார், வாதம் தானாக வந்தது. கணக்கு டீச்சர் விடையை எழுதுவாள். இதில் விடை இல்லை, இடம்தான் இருக்கிறது. கீழே யார், மேலே யார், வெளியே யார். மூன்று வாக்கியம், மூன்று தளம். படத்தைக் கதையாகப் பார்க்கிறவர் இப்படி எழுத மாட்டார், சட்டகத்தை நிரப்பிப் பழகியவர்தான் எழுதுவார். அந்தக் கோடுகள் போஸ்டரில் தலைப்புக்குக் கீழே போடுகிற கோடுகள். பேசப் பேச அவருக்குக் குரல் கூடியது. இடையில் எழுந்து நின்றுகொண்டு, கையால் காற்றில் சட்டகம் வரைந்து காட்டினார். தங்கையும் தாடியும் எங்கோ போய்விட்டார்கள். வாதம் மட்டும் இருந்தது. அதை இமைக்காமல் கேட்க ஒருவர் இருந்தார்.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். "நான் வேற ஆளை நினைச்சுட்டு இருந்தேன். உங்க வாதம் பலமா இருக்கு. எழுதிக் குடுங்க சார். உங்க நடையிலயே."

ஒரு தாள் எழுதினார். இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தினார். ஒரு சொல் போதாமல் யோசித்து, நல்ல சொல் கிடைத்ததும் போட்டார். வெளியே வந்து தெருவில் இறங்கிய பிறகுதான் தான் என்ன எழுதினோம் என்பது உறைத்தது. வீட்டில் தங்கை, எதற்குக் கூப்பிட்டார்கள் என்று கேட்டாள். சீட்டுகளைப் பாராட்டினார் என்றார். டப்பாக்கள் திரும்பி வரவில்லை. அதிகாரி அதன் பிறகு சங்கத்துக்கும் வரவில்லை.

ஏழு வாரம் கழித்து, பள்ளி விடுமுறை நாள், முற்பகல். ஆபரேட்டர் சுவரைத் தடவிக்கொண்டு படியேறி வந்தார். கையில் பழுப்பு உறை.

"தம்பி, ராணுவத்துல இருந்து வந்திருக்கு. எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுது. நீதான் படிச்சுக் காட்டணும்."

பதவி உயர்வாக இருக்கும் என்று தங்கை நாற்காலியை இழுத்துப் போட்டாள். பல்லுக்காரர் உறையைப் பிரித்தார். களத் தீர்ப்பாயம். சிப்பாய் எண். மன உறுதிச் சட்டம், போர்முனைப் பிரிவு. குற்றம் சாட்டப்பட்டவர் எழுதியதை மறுத்தார், மறுப்பு ஏற்கப்படவில்லை. தண்டனை அன்று மாலையே நிறைவேற்றப்பட்டது. இவர் குரல் கூட்டத்தில் சீட்டுப் படிக்கிற குரலாகவே இருந்தது. வேறு குரல் அவரிடம் இல்லை.

"நிறைவேற்றப்பட்டதுன்னா?" என்றார் ஆபரேட்டர்.

பல்லுக்காரர் அடுத்த தாளைத் திருப்பினார்.

"உள்ள போட்டுட்டாங்களா? எத்தனை வருஷம்னு போட்டிருக்கா?"

தங்கைதான் குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். சுட்டுவிட்டார்கள் என்ற சொல்லை அவள் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவை அவர் அவள் முகம் இருக்கும் திசையில் பார்த்து, தலையை ஆட்டி, அதற்கு அப்புறம் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

ஆபரேட்டர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அடுப்பில் வைத்த தண்ணீர் வற்றிப் பாத்திரம் கருகிய வாசனை வந்தது. பல்லுக்காரர் தாள்களை மடித்து உறைக்குள் வைக்கப் போனார்.

"இன்னும் ஒண்ணு இருக்கே" என்றார் ஆபரேட்டர். "வரும்போது எண்ணிப் பார்த்தேன். அஞ்சு தாள். நீ நாலுதான் திருப்பினே."

"அது சும்மா இணைப்பு, அண்ணே."

"என் பையனைப் பத்தினதுதானே. படி."

 தங்கை அந்தத் தாளை வாங்கினாள். மேலே, நிபுணர் கருத்து என்று மட்டும் தட்டச்சு செய்திருந்தது, பெயர் இல்லை. வகுப்பில் படிப்பது போல நிறுத்தி நிறுத்திப் படிக்கத் தொடங்கினாள். சீட்டிலிருந்த மூன்று வாக்கியங்களும் அப்படியே மேற்கோளாக வந்தன. இரண்டாவது வாக்கியத்தில் அவள் குரல் நின்றது. அண்ணனைப் பார்த்தாள். பிறகு, அவர் பக்கம் திரும்பியபடியே, மூன்றாவதைப் படித்தாள். தொடர்ந்து படித்தாள்.

"'இதை எழுதியவன் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இடத்தைப் பார்க்கிறான். கீழே யார், மேலே யார், வெளியே யார் என்பதே அவனுடைய முதல் கேள்வி. பல பேர் ஆயிரம் படம் பார்த்தும் கற்காததை இவன் தூரிகையால் கற்றிருக்கிறான். மூன்று வாக்கியத்தில் ஒரு முழுப் படத்தை மறுபடி எடுத்துவிட்டான். இப்படிப்பட்ட கண் நம் நாட்டில் பத்துப் பேருக்குக் கூட இல்லை.'"

ஆபரேட்டர் அழுகையை நிறுத்தியிருந்தார். தலையைச் சாய்த்து, புரொஜக்டர் சத்தத்தைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நேரமாச்சுன்னு எழுதாமப் போயிட்டான்னு நினைச்சேன். எழுதிட்டுத்தான் போயிருக்கான்" என்றார். "சின்னப் பிள்ளையிலயே அப்படித்தான் தம்பி. எங்க கூட்டிட்டுப் போனாலும் யார் எங்க நிக்கறாங்கன்னு முதல்ல பார்ப்பான். நான் அதைத் திருட்டு முழின்னு திட்டுவேன்." பிறகு, "அந்த ஆபீசர்தான் எழுதியிருப்பார். கொல்றவனா இருந்தாலும் ரசிக்கத் தெரிஞ்சவன். என் பையனைப் பத்தி இவ்வளவு நல்லா ஒருத்தரும் சொன்னதில்ல. ஒரு போஸ்டருக்குக்கூட யாரும் ஒரு வார்த்தை சொல்லல. இன்னொரு தடவை படிம்மா."

தங்கை தாளை அண்ணனிடம் நீட்டினாள்.

"அண்ணன் படிக்கட்டும். அண்ணன் படிச்சாத்தான் இதுக்கு எடுப்பா இருக்கும்."

அவர் படித்தார். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே அழுத்த வேண்டும் என்று நாக்குக்குத் தெரிந்திருந்தது. ஆபரேட்டர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். முடிந்ததும் எழுந்து, உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், மறுபடி படித்துக் காட்டு என்று சொல்லிவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு இறங்கிப் போனார்.

தங்கை கருகிய பாத்திரத்தைத் தேய்க்கத் தொடங்கினாள். இவர் வாசற்படியில் நின்றார். உனக்காகத்தான் என்ற சொல் தொண்டை வரை வந்திருந்தது. அவள் திரும்பாமலே சொன்னாள்.

"எனக்காகன்னு மட்டும் சொல்லிடாத. சொன்னேன்னா இப்பவே அவர் பின்னால ஓடிப்போய் எல்லாத்தையும் சொல்லிடுவேன்."

அவள் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றினாள்.

"ஒண்ணு கேக்கறேன். இதை எழுதறப்ப சந்தோஷமா இருந்தியா?"

அவள் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"இருந்திருக்கே. தெரியுது. இத்தனை வருஷத்துல நீ இவ்வளவு நல்லா எழுதினதே இல்ல."

அந்த வாரம் முழுக்க அவள் தகவல் துறை அலுவலகத்துக்குப் போய் நான்தான் எழுதினேன் என்று சொல்லப்போவதாகக் கிளம்பிக் கிளம்பி நின்றாள். செருப்பு மாட்டுவாள், வாசல் வரை போவாள், கழற்றுவாள். செத்தவன் வரப்போவதில்லை என்று இவர் ஒருமுறை சொன்னார்.  கடைசிவரை அவள் போகவில்லை. தான் போகிற ஆள் என்றுதான் அவள் அதுவரை தன்னைப் பற்றி நினைத்திருந்தாள். அது இல்லை என்று தெரிந்துவிட்டது. அதைத் தெரியவைத்தவரோடு ஒரே வீட்டில் சாப்பிட முடியவில்லை. மாதம் முடிவதற்குள் வேறு ஊர்ப் பள்ளிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு, டீச்சர்கள் விடுதிக்குப் போனாள். நலம் என்று கார்டு வரும். நலமா என்ற கேள்வி அதில் இருக்காது.

சங்கம் தானாகக் கலைந்தது. சலூன் நாற்காலிகளைச் செயற்கைக் கால் பொருத்தும் இடத்துக்கு எடுத்துப்போனார்கள். போரும் ஒருநாள் முடிந்தது. வெற்றி என்று அறிவித்தார்கள். பல் டாக்டரின் கிளினிக்கில் வேலை பெருகியது. ரொட்டி இல்லாத வருஷங்களில் ஊரில் பாதிப் பேருக்குப் பல் ஆடிவிட்டிருந்தது. பல்லுக்காரர் ஜன்னலில்லாத அறையில் குனிந்து அச்சுகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு மதியம் மட்டும் ஆபரேட்டர் வருவார். இப்போது இரண்டு கண்ணும் சுத்தமாகப் போய்விட்டன. உறை நைந்து, மடிப்பில் தாள் கிழிந்து, ஒட்டுப் போட்டிருக்கிறது. தீர்ப்பு நாலு தாளும் அவருக்கு வேண்டாம். அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவார். ஐந்தாவது தாள்தான். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கைகளைத் தொடையில் வைத்துக்கொள்வார். பல்லுக்காரர் படிப்பார். ஒருமுறை, நாட்டில் பத்துப் பேருக்குக் கூட என்கிற வாக்கியத்தைத் தாண்டிப் போய்விடலாம் என்று பார்த்தார். ஆபரேட்டர் கையை உயர்த்தினார்.

"தம்பி, ஒரு வரி விட்டுட்டே."

அவர் பின்னால் போய், விட்ட வரியிலிருந்து படித்தார்.